சிவப்பு விளக்கை அணைத்து வைத்தேன்

கேமராப் பையைத் திறப்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து மாட்டியதும் மறுபடி மங்கிப்போனது. ஆடி மாதம். நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் நின்றுகொண்டிருந்தேன். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே தூரத்தில் மேளம் கேட்டது.

சாவு வீட்டு மேளம். என்னை அழைத்துப் போக வந்திருந்தவர் பழனி. இறந்துபோனது அவருடைய தம்பி மனைவி சாந்தி. முப்பது வயதுகூட ஆகவில்லை. தம்பி முருகேசன் குவைத்தில் டிரைவர். முதலாளி விடவில்லையோ, டிக்கெட் கிடைக்கவில்லையோ, அவரால் வர முடியவில்லை.

"தம்பிக்கோசரந்தானுங்க பாய் உங்களக் கூப்புட்டது" என்றார் பழனி. "அவன் ஒருக்கா மொகத்தப் பாத்துக்கட்டும். அது போதும்னு சொல்லி அழுவறானுங்க."

அந்த ஒரு முகத்தை எடுப்பதுதான் அன்று என் வேலை. அதை நான் எடுக்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கிற கதைகளாகவே எழுதிவந்தேன். மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளைத் தோழனையே ஒரு மணி நேரம் எடுத்த கதையை நிறையப் பேர் ரசித்ததாகப் பத்திரிகை அலுவலகத்தில் சொன்னார்கள். இதை எழுதாமல் அதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் நான் எழுதுவதில் பாதி பொய்யாகிவிடும் என்று சில வாரங்களாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது.

சாமைக்குள் ஒரு கேமரா

ஏற்காட்டில் வீடியோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு முதல் எதிரி ஈரம். சேலத்திலிருந்து என் அத்தா இங்கே வந்து துணிக்கடை போட்டார். நான் அந்தக் கடையில் பாதியைத் தடுத்து ஸ்டூடியோ ஆக்கினேன். துணிக்கும் ஈரம் ஆகாது, கேமராவுக்கும் ஆகாது. அந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

என் முதல் வீடியோ கேமரா டேப் போட்டு எடுக்கிற ரகம். குளிரில் நின்றுவிட்டு, அடுப்பு எரிகிற வீட்டுக்குள் அதைக் கொண்டுபோனால் உள்ளே வேர்த்துவிடும். திரையில் ஒரு நீர்த்துளிப் படம் மின்னும். அது மின்ன ஆரம்பித்தால் டேப் சுற்றாது, பட்டன் வேலை செய்யாது, கேமரா வெறும் கல்.

வெள்ளக்கடையில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்த பிறகு, நல்லவேளை, துளி மின்னியது. கேமராவை ஓர் ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கேமராவைக் காணோம். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த வீட்டு அம்மா சிரித்தார்.

"பதறாதீங்க பாய். ஈரம் பட்ட செல்போன அரிசில பொதச்சு வெச்சா சரியாப் போயிருமாமுங்க. எங்கூட்ல அரிசி மூட்ட இல்ல. அதான் சாமைல பொதச்சு வெச்சிருக்கறனுங்க."

அரிசியாவது கொஞ்சம் பெரிசு. சாமை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. டேப் கதவு வழியாகப் போய், பல்சக்கரம் பல்சக்கரமாக உட்கார்ந்துவிட்டது. தையல் ஊசியும் ஓவியப் பிரஷும் வைத்துக்கொண்டு மூன்று நாள் நோண்டினேன். அதற்கப்புறமும் ஒரு மாதம்வரை டேப்பை மாற்றும்போதெல்லாம் ஒன்றிரண்டு சாமை மேஜைமேல் விழும். எனக்குக் கோபம் வரவில்லை. வருஷத்துச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிற தானியத்துக்குள் என் மிஷினையும் வைத்துக் காப்பாற்றப் பார்த்தவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது?

இப்படித்தான் நான் கேமராவைக் கற்றுக்கொண்டேன். கூடவே வருகிற புத்தகத்தை நான் படித்ததே இல்லை. ஒவ்வொரு வசதியும் என்னை ஒரு தடவை கவிழ்த்த பிறகுதான் அது எதற்கு என்று புரியும்.

நான் கண்டுபிடித்த மரியாதை

டேப் போய் மெமரி கார்டு வந்தது. நானும் கொஞ்சம் பெரிய கேமராவாக வாங்கினேன். அதில் பதிவு ஆரம்பித்தால் முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும். 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். நிறுத்தினால் இரண்டு 'பீப்', விளக்கு அணையும்.

மஞ்சக்குட்டையில் ஒரு பெரியவர் இறந்தபோது, எல்லோரும் அழுது ஓய்ந்து மூச்சுச் சத்தம்கூட இல்லாத நேரத்தில் என் கேமரா 'பீப்' என்றது. ஒரு குழந்தை சிரித்துவிட்டது. இறந்தவரின் மகன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்துப்போனேன். வீட்டுக்கு வந்து மெனு முழுக்கத் துழாவி, விளக்கையும் சத்தத்தையும் அணைத்து வைக்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து சாவு வீடு என்றால் புறப்படும்போதே இரண்டையும் அணைத்துவிடுவேன். இது என் தொழில் மரியாதை என்று எனக்குள் ஒரு பெருமைகூட உண்டு. மற்ற வீடியோக்காரர்களுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

நான் சாவுக்கு எடுக்கப் போவது என் மனைவி ஜைனபுக்குப் பிடிக்காது.

"மய்யித்தைப் போய் யாராவது படம் புடிப்பாங்களா?" என்பாள்.

"வர முடியாதவங்களுக்குத்தான் எடுக்கறேன். அவங்களுக்குப் பதிலா நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்னு வெச்சுக்க" என்பேன். நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே பட்டன்

வீடியோ கேமராவில் இதைவிட எளிய விஷயம் கிடையாது. ஒரே பட்டன். ஒரு தடவை அமுக்கினால் பதிவு ஆரம்பம். மறு தடவை அமுக்கினால் நிறுத்தம். பதிவாகும்போது திரையின் மூலையில் சிவப்பாக 'ரெக்' என்று இருக்கும். இல்லாதபோது 'ஸ்டேண்ட்பை'. இரண்டு நேரமும் திரையில் படம் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு தடவை தெரியாமல் அமுக்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எல்லாமே தலைகீழ். ஆரம்பிக்கிறோம் என்று நினைத்து நிறுத்துவோம். நிறுத்துகிறோம் என்று நினைத்து ஆரம்பிப்போம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. தாலி கட்டுவதை விட்டுவிட்டுப் பந்திப் பாயை எடுத்துவந்தவர்களை நானே வாய் வலிக்கக் கிண்டல் செய்திருக்கிறேன்.

என் கேமராவில் இன்னொரு பட்டனும் இருந்தது. மேலே தூக்குகிற கைப்பிடியில். தாழ்வாகப் பிடித்து எடுப்பதற்கு வசதியாக. தெரியாமல் கை படக்கூடாது என்று அதற்கு ஒரு பூட்டும் வைத்திருந்தார்கள். நான் அதை ஒருநாளும் போட்டதில்லை.

அன்று பாதையில் நின்றபடி கேமராவை ஆன் செய்து, அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் பையிலிருந்து தூக்கினேன். தூறலுக்காகப் பிளாஸ்டிக் உறையைப் போட்டேன். விளக்கும் சத்தமும் ஏற்கெனவே அணைத்தாயிற்று. உறைக்கு உள்ளே திரை பனி பிடித்திருந்தது. என் கண்ணாடியும்தான். படம் மங்கலாகத் தெரிந்தது. மூலையில் இருக்கிற சின்ன எழுத்து தெரியவில்லை.

கேமரா அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது.

போனை இறக்குங்க

வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, கட்டிலில் சாந்தியைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு விவரம் புரிந்திருந்தது. சின்னவள் மேளக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்திக்கு மஞ்சள் காமாலை. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்து, முடியாமல் போய், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையை இறங்கும்போதே உயிர் போயிருந்தது.

அந்த ஊரில் அப்போது செல்போன் டவர் எடுக்காது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை. அதன் மேல் ஏறினால்தான் ஒரு கோடோ இரண்டு கோடோ கிடைக்கும். காலையில் அங்கே ஏறி முருகேசனுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார்கள். அவர் முகம் உறைந்து உறைந்து நின்றிருக்கிறது. பிணத்தைப் பாறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது எப்போதுமே எரிச்சல். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் கை நடுவில் வரும்.

"போனையெல்லாம் இறக்குங்க. நான் எடுக்கறேனில்ல?" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

பழனியும் எனக்கு ஒத்துப் பேசினார். "பாய் வந்துட்டாரில்ல, அவரு நல்லா எடுப்பாரு. போன உள்ள வையுங்க. எடுத்ததையும் அழிச்சுப் போடுங்க. நாளைக்கு எவனாச்சும் ஸ்டேட்டஸ்ல போட்டு வெச்சான்னா அசிங்கமாப் போயிரும்."

எல்லோரும் மரியாதையாக இறக்கினார்கள். அழித்தும்விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் கேட்பார்கள்.

கட்டிலுக்கு அருகே போய், கட்டை விரலால் பட்டனை அமுக்கினேன். இருபது நிமிடம் அங்கேயே நின்றேன். தலைமாட்டிலிருந்து, பக்கவாட்டிலிருந்து, குழந்தைகள் வந்து தொட்டபோது. பிறகு மறுபடி அமுக்கிவிட்டு, கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். யாரோ டீ கொடுத்தார்கள். அதற்கப்புறமும் ஒவ்வொரு சடங்குக்கும் அமுக்கி எடுப்பதும், மறுபடி அமுக்கிவிட்டுத் தொங்கவிடுவதுமாக இருந்தேன். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது.

பதினோரு துண்டு

மறுநாள் காலை கடையைத் திறந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பதினோரு வீடியோத் துண்டுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் முதல் படமும் மண். சேறு. செருப்புகள். கட்டிலின் கால். என் பேன்ட். ஒரு டீ டம்ளர்.

கார்டு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நம்முடைய தப்பு என்று யாருக்கு முதலில் தோன்றும்? கார்டை எடுத்து ஊதிப் போட்டேன். வேறு ரீடரில் போட்டேன். கேமராவிலேயே போட்டு ஓட்டிப் பார்த்தேன். மண், செருப்பு, டம்ளர்.

பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனேன். அழிந்த படங்களை மீட்டுத் தருகிற தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். இரண்டு மணி நேரம் ஏதேதோ ஓட்டிப் பார்த்தார். போன மாதக் கல்யாணம், அதற்கு முந்தைய காதுகுத்து எல்லாம் அரைகுறையாக வந்தன. சாந்தி வரவில்லை.

"நேத்து எடுத்ததுல எதுவும் அழியலண்ணே" என்றார். "துண்டுகளோட நேரத்தப் பாருங்க. ஒண்ணு முடியறதுக்கும் அடுத்தது ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு பாருங்க. இந்த எடத்துல இருவது நிமிசம். அந்த நேரத்துல கேமரா ஓடவே இல்ல. எடுத்தது அழிஞ்சிருந்தா எடுத்துக் குடுத்துருவேன். எடுக்காததுக்கு நான் என்ன பண்றது?"

அந்த இருபது நிமிடத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளக்கு எரிந்திருந்தால் முன்னால் நின்ற யாராவது கவனித்திருப்பார்கள். சத்தம் வந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். இரண்டையும் மரியாதை மரியாதை என்று நானே அணைத்துவைத்தேன். அந்தத் தம்பி முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

மண் எடுத்த படத்தில் ஒரு குரல்

கடைக்குத் திரும்பி, ஒரு நப்பாசையில், பதினோரு துண்டையும் முழுதாக ஓட்டினேன். எங்காவது ஒரு மூலையில் ஒரு கணமாவது அந்த முகம் வந்திருக்காதா? வரவில்லை. ஆனால் ஏழாவது துண்டில், சேற்றில் நாலு செருப்புக் கால்கள் மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு குரல் இருந்தது. பழனியின் குரல். தன் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கேமரா நின்றிருக்கிறது என்று நான் நினைத்த மாதிரி அவரும் நினைத்திருப்பார்.

"முந்தாநேத்தே கேட்டா மாமா. அவருகிட்ட ஒருக்காப் பேசோணும், போன் போட்டுக் குடுங்கன்னா. பாறைக்குத் தூக்கிட்டுப் போவோணும், மழ ஊத்துது. காலைல பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். பேசுனா அவன் வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துருவானேன்னும் பயம். காலைல போய்ப் பாத்தா, அவளுக்குப் பேச்சே வரல."

அப்புறம் அவர் அழுகிற சத்தம். செருப்புகள் நகர்கின்றன. துண்டு முடிந்துவிடுகிறது.

நாலைந்து நாள் கழித்து முருகேசன் குவைத்திலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்க பாய், அனுப்பறீங்களா?" என்றார். அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவசரப்படுத்தக் கூடாது என்று அடக்கிக்கொண்டு கேட்டார்.

"கார்டு கெட்டுப்போச்சுங்க. சேலம்வரைக்கும் கொண்டு போய்ப் பாத்துட்டேன். ஒண்ணும் வரல" என்றேன்.

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் கேட்டது. "சரிங்க பாய். நீங்க என்ன பண்ணுவீங்க" என்று வைத்துவிட்டார்.

பொய் சொன்னதற்கு எனக்கு ஒரு நியாயம் கிடைத்திருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன எடுத்தாய், அதையாவது அனுப்பு என்பார். அந்தக் குரலைக் கேட்பார். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள். குழந்தைகள் இரண்டும் பழனி வீட்டில்தானே வளர்கின்றன? ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஜைனபிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

துண்டுகளை அழிக்கவும் இல்லை. ஒரு பென் டிரைவில் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன்.

முருகேசன்

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு முற்பகல். கடையில் பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்.

"நான் முருகேசனுங்க. நாகலூரு. பழனி தம்பி."

உட்காரச் சொன்னேன். ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறதாம், இனிமேல் திரும்பிப் போகப்போவதில்லையாம். மெதுவாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அந்தக் கார்டுல இப்ப எதாச்சும் பண்ண முடியுங்களா பாய்? இப்பெல்லாம் புதுசு புதுசா மிசினு வந்திருக்குதுன்னு சொல்றாங்களே?"

அவருக்கு முன்னால் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியவில்லை. கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, சத்தம், கைப்பிடிப் பட்டன், பனி பிடித்த திரை. போனை இறக்கச் சொன்னதும் நான்தான் என்பதைச் சொன்னேன்.

அவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருக்கா அமுக்கிக் காட்டுங்க" என்றார். அமுக்கினேன். 'ரெக்' வந்தது. மறுபடி அமுக்கினேன். 'ஸ்டேண்ட்பை'. அவரே விரலை வைத்து இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். டிரைவர் அல்லவா, சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"அப்ப அவ முன்னாடி நின்னப்ப நிறுத்தி வெச்சிருந்தீங்க."

"ஆமாங்க."

டிராயரைத் திறந்து பென் டிரைவை எடுத்தேன். இதில் உங்கள் அண்ணன் பேசியது இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் மறைத்தேன் என்று ஆரம்பித்தேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"அவ போன் கேட்டதுங்களா? அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாருங்க. பாறமேல நின்னுக்கிட்டு, என்னைய மன்னிச்சுருடான்னு நொம்ப அழுதாரு. அது தெரியுங்க பாய். அது எனக்கு வேண்டாங்க."

பென் டிரைவ் என் கையிலேயே இருந்தது. ஒன்றரை வருஷமாக யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரிந்துபோனது. என்னை மட்டும்தான்.

முருகேசன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க அவ பக்கத்துலயே நின்னீங்கல்லங்க? இருவது நிமிசம்னு சொன்னீங்களே. எப்பிடி இருந்தான்னு நீங்க சொல்லுங்க. அண்ணனக் கேட்டா அழுவறாரு. மத்தவங்க எல்லாம், விடு முருகேசா, அத எதுக்கு இப்பப் பேசிக்கிட்டுங்கறாங்க. நீங்கதான் நல்லாப் பாத்திருப்பீங்க."

யோசித்தேன். வெளிச்சம் போதவில்லை, கூட்டி வைத்தேன். தார்ப்பாயின் நீலம் எல்லாவற்றின் மேலும் விழுந்தது, யாரோ ஒருவருடைய வெள்ளை வேட்டியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்தேன். லென்ஸில் ஒரு துளி விழுந்தது, துடைத்தேன். இவ்வளவும் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

சாவு வீடுகளில் எல்லோரும் சொல்வதையே சொன்னேன். "தூங்கற மாதிரியேதான் இருந்தாங்க."

அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அவ தூங்கறப்ப வாயத் தொறந்துக்குவாளுங்க. கேலி பண்ணுவேன், கோவிச்சுக்குவா. அன்னைக்கும் தொறந்திருந்துச்சுங்களா?"

நாலடி தூரத்தில் நின்றிருந்தேன்.

"கவனிக்கலீங்க" என்றேன்.